சென்சார் வாங்கும் முன் வால்வைப் பாருங்கள்

டயர்க் காற்றை அளந்து சொல்லும் சென்சாரில் எது நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வண்டிச் சக்கரத்தில் இருப்பது ரப்பர் வால்வா, பித்தளை வால்வா? பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. அதில் தவறில்லை. காற்று நிரப்பும்போது குனிகிறவர் கடைக்காரர். நாம் இருக்கையை விட்டு இறங்குவதே இல்லை. ஆனால் சென்சார் மாட்டப் போகிறவர் ஒருமுறையாவது சக்கரத்தின் அருகே உட்கார்ந்து அந்தச் சுண்டுவிரல் அளவு தண்டைப் பார்த்தாக வேண்டும். நெல்லையப்பர் தேரை வடம் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது.

படுக்கையும் சிறு சமையல் மேடையும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த வேனை நம் பக்கத்தில் கேரவன் என்கிறோம். ஆலையிலிருந்தே அப்படி வருவதும் உண்டு; பழைய பயணிகள் வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதியோடு மாற்றிக்கொள்வதும் உண்டு. எங்கள் குடும்பத்து வண்டி இரண்டாவது வகை. பாளையங்கோட்டையில் வீட்டு வாசலில் நிற்கும்; சாரல் விழுந்தால் குற்றாலம், விடுமுறை வந்தால் திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி என்று ஓடும்.

இப்படிப்பட்ட வண்டிக்கு டயர்க் காற்று காரைவிட முக்கியம். காரணம் எடை. தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 150 கிலோ. அதோடு கட்டில், குளிர்பதனப் பெட்டி, பேட்டரி, கேஸ் அடுப்பு. இந்தச் சுமை ஆட்கள் இறங்கினாலும் இறங்காது. எப்போதும் பின்பக்க அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். காற்று குறைந்த டயர் சுமையின் கீழ் கூடுதலாக மடங்கி மடங்கி விரியும், அதனால் சூடேறும், சூட்டில் உள்ளே அடுக்குகள் பிரியும். மே மாதத் தார்ச்சாலையில் அது வெடிப்பில் முடியலாம். இதை முன்கூட்டிச் சொல்வதற்காகத்தான் சென்சார். அமெரிக்காவில் 2007 செப்டம்பருக்குப் பின் வந்த எல்லாக் கார்களிலும் சிறிய வேன்களிலும் இது சட்டப்படி கட்டாயம். ஆனால் அந்தச் சட்டம் 4,536 கிலோ மொத்த எடைக்கு மேற்பட்ட வண்டிகளையும், ஓர் அச்சில் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிகளையும் தொடவில்லை. அதனால் பெரிய கேரவன்காரர்கள் அங்கேயும் சென்சாரைத் தனியாக வாங்கித்தான் மாட்டுகிறார்கள். நம் நிலைமையும் அதுவே. தனியாக வாங்கி மாட்டும்போதுதான் வால்வுச் சிக்கல் தொடங்குகிறது.

எங்களுக்கு அது எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் வகைச் சென்சார்களை வாங்கி நானே மாட்டினேன். ஐந்து நிமிட வேலை. அடுத்த சில மாதங்கள் எல்லாம் சரியாக ஓடியது. ஒருநாள் கன்னியாகுமரி போகும் வழியில், நாங்குநேரி தாண்டி வள்ளியூரை நெருங்கும்போது, சென்சார் அளப்பதைக் காட்டும் கருவி கத்தத் தொடங்கியது. பின்பக்க இடது டயரின் காற்றழுத்தம் 58, 51, 44 என்று கண்முன்னே இறங்கியது. ஓரங்கட்டி நிறுத்தினோம். டயரில் ஆணி இல்லை, கீறல் இல்லை. ரப்பர் வால்வு ரிம்முக்குள் நுழையும் இடத்தில் பாதிச் சுற்றுக்கு வெடித்திருந்தது; விரலால் தொட்டால் காற்று சீறியது. சென்சார் எச்சரித்தது உண்மை. ஆனால் அந்த வால்வைக் கிழித்ததும் அதே சென்சாரின் எடைதான். ஸ்டெப்னி மாட்ட வந்த மச்சான் மற்றச் சக்கரங்களின் வால்வையும் வளைத்துப் பார்த்தார். இன்னும் இரண்டில் வெடிப்பு தொடங்கியிருந்தது. அன்றைக்கே நான்கு சென்சார்களையும் கழற்றிப் பழைய பிளாஸ்டிக் மூடிகளை மாட்டிக்கொண்டு மெதுவாக ஊர் திரும்பினோம்.

சென்சார் விற்ற கடையில் வால்வைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளிலும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வால்வுக்குள் என்ன இருக்கிறது

இன்று கார், வேன், லாரி, பெரும்பாலான இருசக்கர வாகனங்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே வகை வால்வு. நியூயார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் ஷ்ராடர் பெயரால் அழைக்கப்படுவது. 1893இல் காப்புரிமை பெற்றது. மேல்முனையில் வெளிப்பக்கம் மரை. அதன் விட்டம் சுமார் 7.7 மில்லிமீட்டர். எந்தக் கடை மூடியும் எந்த வண்டிக்கும் பொருந்துவதற்கும், எந்தச் சென்சாரும் எந்த வால்விலும் ஏறிவிடுவதற்கும் இந்தப் பொதுவான மரைதான் காரணம். ஏறிவிடுகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தண்டின் உள்ளே ஊசி இருக்கிறது. கடையில் பின் என்றும் சொல்வார்கள். சிறிய ஸ்பிரிங் அதை மேல்நோக்கித் தள்ளி மூடி வைத்திருக்கும். காற்றுக் குழாயை வைத்து அழுத்தினால் ஊசி உள்ளே இறங்கி வழி விடும். எடுத்தால் மூடிக்கொள்ளும். அதற்கு மேல் நாம் மாட்டும் மூடி தூசியைத் தடுக்கிறது. உள்ளே ரப்பர் வளையம் உள்ள நல்ல மூடி என்றால், ஊசி லேசாகக் கசிந்தாலும் காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. ஆக, சாதாரணமாக ஒரு சக்கரத்துக்கு இரண்டு காவல்: உள்ளே ஊசி, வெளியே மூடி.

திருகு வகைச் சென்சாரை மாட்டும்போது நடப்பதைக் கவனியுங்கள். டயருக்குள் இருக்கும் அழுத்தம் தன்னை வந்து எட்ட வேண்டும் என்பதற்காக, சென்சார் ஊசியை எந்நேரமும் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் காவல் திறந்தே கிடக்கிறது. காற்றைப் பிடித்து நிறுத்துவது சென்சாரின் அடியில் உள்ள ஒரு சிறிய ரப்பர் வளையம் மட்டும். அந்த வளையம் நைந்தாலோ, சென்சார் கோணலாக உட்கார்ந்தாலோ காற்று கசியும். சென்சார் மட்டும் உடைந்து விழுந்தால் ஊசி மேலெழுந்து மூடிக்கொள்ளும், பிழைத்தோம். தண்டு அடியோடு அறுந்தால் மூடுவதற்கு எதுவும் இல்லை.

12 கிராம் ஒரு கிலோ ஆகும் கணக்கு

"இத்தனை சின்னச் சாமான் தண்டை எப்படி அறுக்கும், அண்ணாச்சி?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். நியாயமான கேள்வி. சிறுவயதில் வயலில் கிளி விரட்டக் கவண் சுழற்றியவர்களுக்கு விடை கையிலேயே தெரியும். கூழாங்கல் சிறியதுதான், சுழற்றும்போது கயிறு கையை இழுக்கும் இழுப்பு சிறியதல்ல.

எண்ணாகவே போட்டுப் பார்ப்போம். 15 அங்குல ரிம் உள்ள வேன் டயரின் உயரம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அதாவது சக்கரம் நொடிக்குப் பத்துச் சுற்று. வால்வு நடுவிலிருந்து சுமார் 19 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த வேகத்தில், இந்த வட்டத்தில் சுழலும் பொருளை வெளிநோக்கி இழுக்கும் விசை அதன் எடையைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு. 12 கிராம் சென்சார் ஒரு கிலோ கனத்தோடு தண்டை இழுக்கிறது. விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால் 100 கிலோமீட்டரில் அது ஒன்றரைக் கிலோ. கழற்றாமலே காற்று நிரப்பும் வசதியுள்ள சென்சார்கள் இன்னும் கனம். 25 கிராம் உள்ள ஒன்று 80 கிலோமீட்டர் வேகத்திலேயே இரண்டு கிலோ.

பிளாஸ்டிக் மூடி ஒரு கிராம்கூட இராது. ரப்பர்த் தண்டு அந்த மூடியைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் நுனியில் ஒரு கிலோ படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வேகமெடுத்தால் வளைகிறது, வேகத்தடையில் குறைத்தால் நிமிர்கிறது. கங்கைகொண்டானிலிருந்து காவல்கிணறு வரை எத்தனை முறை வேகம் ஏறி இறங்குகிறதோ அத்தனை முறையும் அடிப்பகுதி மடிகிறது. மடிப்பு விழும் இடம் எப்போதும் ஒன்றே: ரிம் துளையின் விளிம்பு. வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் ரப்பரை ஏற்கெனவே காயவைத்திருக்கும். வெடிப்பு அங்கேதான் பிறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கட்டைவிரலால் தண்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

எந்த வால்வு எதற்கு

ரப்பர் வால்வு என்பது துளைக்குள் இழுத்து உட்காரவைப்பது. நட்டு கிடையாது; ரப்பரின் தடிப்பே பிடித்துக்கொள்ளும். நம் கார்களில் பெரும்பாலும் இருப்பது டி.ஆர். 413 என்ற வகை, 11.5 மில்லிமீட்டர் துளைக்கானது. சற்று நீளமானது 414, இன்னும் நீளமானது 418. இவை எல்லாவற்றுக்கும் உச்ச அழுத்தம் 65 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு). அதுவும் ஆறிய டயரில் அளக்கும் அழுத்தம். காலையில் 25 டிகிரியில் 60 வைத்த டயர், நடுப்பகல் ஓட்டத்தில் உள்காற்று 55 டிகிரி ஆகும்போது தானாகவே 67க்கு ஏறும். இந்த ஏற்றத்தை எண்ணித்தான் அளவைக் குறித்திருக்கிறார்கள். சூடான டயரில் 67 பார்த்துப் பயந்து காற்றைப் பிடுங்கிவிட வேண்டாம், ஆறியதும் குறைந்து போகும். நம் கடைகளில் யாரும் அலகு சொல்வதில்லை. "35 வையுங்கள்", "60 வையுங்கள்" என்பதுதான் பேச்சு. அந்த எண் பி.எஸ்.ஐ. என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வண்டி 35, 40 என்று வைக்கும் சிறிய வேனாக இருந்து, சென்சார் எதுவும் மாட்டப்போவதில்லை என்றால் புதிய ரப்பர் வால்வு போதும். அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

அதற்கு மேல் உயர் அழுத்த ரப்பர் வால்வு என்று ஒன்று உண்டு, டி.ஆர். 600 எச்.பி. என்பது போன்ற பெயரில் வரும். உள்ளே பித்தளைத் தண்டு நீளமாக அடிவரை இறங்கியிருக்கும், ரப்பர் தடிமனாக இருக்கும். தயாரிப்பைப் பொறுத்து 80 அல்லது 100 பி.எஸ்.ஐ. வரை தாங்கும். கடையில் "சென்சாருக்கு இது தாங்கும்" என்று இதைக் கொடுப்பார்கள். அழுத்தத்தைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் துளை விளிம்பில் மடிவது இதிலும் ரப்பர்தான். குறைவாக மடியும், அவ்வளவே. நான் இதை வெளிச் சென்சாருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளியே திருகும் சென்சார் என்றால் என் விடை ஒன்றே: நட்டுப் போட்டு இறுக்கும் உலோக வால்வு. தண்டு முழுக்க உலோகம். ரிம்மின் உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம், வெளிப்பக்கம் வாஷரும் நட்டும். இரண்டுக்கும் நடுவே ரிம் தகடு நசுங்கிப் பிடிபடும். தண்டு அசையாது. 200 பி.எஸ்.ஐ. வரை குறிக்கப்பட்டவை தாராளமாகக் கிடைக்கின்றன. விலை ரப்பரைவிடச் சில மடங்கு கூடுதல்தான், ஆனால் ஒரு சென்சாரின் விலையோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு தொகையே அல்ல.

இங்கே அளவு பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இதில்தான். ரிம்மில் உள்ள துளை எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. கார், வேன் ரிம்களில் 11.5 மில்லிமீட்டர் பரவலானது. சில கனரக ரிம்களில் சுமார் 16 மில்லிமீட்டர். டியூப்லெஸ் லாரி ரிம்களில் 9.7 மில்லிமீட்டர். பெரிய துளையில் சிறிய வால்வை வைத்து வாஷரால் மூடிவிடலாம் என்று சிலர் முயல்கிறார்கள். உள் ரப்பர் வளையம் துளையில் நடுவாக உட்காராமல் ஒருபக்கம் ஒதுங்கும். இன்று கசியாவிட்டால் ஆறு மாதத்தில் கசியும். சரியான வளையம் சேர்ந்து வரும் வால்வையே வாங்குங்கள். ஒரே தண்டுக்கு இரண்டு அளவு வளையமும் தருகிற பெட்டிகள் உண்டு.

அடுத்தது ரிம்மின் தடிமன். இரும்பு ரிம் மெல்லிய தகடு. அலாய் ரிம் தடிமனானது. மரை நீளம் போதாத வால்வை அலாய் ரிம்மில் போட்டால் நட்டு இரண்டு சுற்றுதான் பிடிக்கும். பழைய வால்வைக் கழற்றிய பிறகு துளையைச் சுற்றித் துருவோ பெயின்ட் உதிர்வோ இருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். துருவின் மேல் உட்காரும் ரப்பர் வளையம் எத்தனை இறுக்கினாலும் மூடாது. இறுக்குவதிலும் அளவு வேண்டும். பலம் காட்டினால் வளையம் பிதுங்கிக் கிழியும். வால்வோடு வரும் தாளில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று குறித்திருப்பார்கள். அந்த இறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ஸ்பேனர் வைத்திருக்கிற கடையில் வேலையைக் கொடுங்கள்.

நீளம்? முடிந்தவரை குட்டை. நீண்ட தண்டு என்றால் நெம்புகோலும் நீளம். சென்சாரைக் கையால் திருகி மாட்டவும் கழற்றவும் இடம் இருந்தால் போதும். ரிம்மின் விளிம்புக்கு வெளியே சென்சார் நீட்டிக்கொண்டிருந்தால், நடைபாதைக் கல்லில் உரசி ஒருநாள் போய்விடும். வீல் கப் இருந்தால் அதை மாட்டிப் பார்த்துச் சென்சார் இடிக்கிறதா என்று சோதியுங்கள்.

பின்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ளவர்களுக்கு

பெரிய கேரவன்களிலும் மினி பஸ்ஸை மாற்றிய வண்டிகளிலும் பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம். உள்சக்கரம்தான் சென்சாருக்கு முதல் உரிமை உள்ள சக்கரம் என்பேன். அதில் காற்று குறைந்தால் வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சக்கரம் சுமையைத் தாங்கி வண்டியை நேராக நிறுத்திவிடும். தாங்குகிற டயருக்கோ இருமடங்கு பாரம்.

ஆனால் உள்சக்கரத்து வால்வு கைக்கு எட்டாது. அதனால் பலர் நீட்டிப்புக் குழாய் மாட்டி, அதன் நுனியில் சென்சாரைத் திருகுகிறார்கள். ரப்பர் வால்வின் மேல் நீட்டிப்பு, நீட்டிப்பின் மேல் சென்சார் என்பது நான் பார்த்ததிலேயே மோசமான அமைப்பு. இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு கசிவிடம். நீளம் கூடக்கூட அடியில் விழும் மடிப்பும் கூடும். வளையும் குழாய் வகை நீட்டிப்பு என்றால், நுனியை ரிம்மில் ஒரு கிளிப்பில் இறுக்கிப் பிடிக்காவிட்டால் ஓட்டத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். தொங்கும் குழாயில் சென்சார் மாட்டவே கூடாது.

இதற்குச் சரியான வழி, அந்தச் சக்கரத்துக்கென்றே வளைத்துச் செய்த நீண்ட உலோக வால்வு. வெளிச்சக்கரத்தின் துளை வழியாக அது தலை நீட்டும். ஒரே துண்டு, நடுவில் இணைப்பு இல்லை. வெளிச்சக்கரத்தின் வால்வும் உள்சக்கரத்தின் வால்வும் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி மாட்டினால் இரண்டின் எடையும் ஓரளவு சமனாகும், கையும் எளிதாகப் போகும். மாட்டிய பிறகு சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தண்டோ சென்சாரோ பிரேக் டிரம்மையோ பக்கத்து ரிம்மையோ தொடக் கூடாது.

உப்புக் காற்றும் தேரி மணலும்

இது நம் பக்கத்துக்கே உரிய கவலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டி ஓடும் வண்டியும், உவரியிலோ கூத்தங்குழியிலோ கடலோரம் இரண்டு இரவு நிற்கும் வண்டியும் உப்பைச் சுமந்துதான் வீடு திரும்புகின்றன. உப்பு ஈரத்தில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறிய பேட்டரி உண்டாகிவிடும். இரண்டில் வலுக்குறைந்த உலோகம் அரிபடும். பித்தளையும் அலுமினியமும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம். வெள்ளை மாவு போல ஒன்று மரையில் பூத்து, சென்சாரும் தண்டும் ஒன்றோடொன்று இறுகிப்போகும். ஸ்பேனர் வைத்துத் திருகினால் தண்டு முறியும்.

ஆகவே கடையில் "மெட்டல் வால்வு" என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். பித்தளையா அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியம் எடை குறைவு, பளபளப்பு. பித்தளையைக் கையில் வைத்தால் கனம் தெரியும். சென்சாரின் உள்மரை பித்தளையாக இருந்தால் பித்தளைத் தண்டு வேண்டும். நிக்கல் பூசிய பித்தளை இன்னும் நல்லது. அலுமினியத் தண்டு ஏற்கெனவே இருந்தால் அதற்குள் போகும் ஊசி நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். பூச்சில்லாத பித்தளை ஊசியைப் போட்டால் தண்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு தண்டையே மாற்ற வேண்டி வரும். கடையில் கிடக்கும் பழைய ஊசியை எடுத்து மாட்டிவிடுவது வழக்கம் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

தேரிக்காட்டுச் செம்மண்ணும் மரைக்குள் புகுந்து அரைக்கும். கடலோரமோ தேரிப் பக்கமோ போய்வந்தால் நல்ல தண்ணீரில் சக்கரங்களைக் கழுவுங்கள். சென்சார்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, மரையைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, உள்ளே உள்ள ரப்பர் வளையம் தட்டையாகிவிட்டதா என்று பார்த்து மாட்டுங்கள். இதைச் செய்கிறவரின் சென்சார் ஒருபோதும் இறுகிப்போவதில்லை.

டியூப் உள்ள சக்கரம், ரிம்முக்குள் இருக்கும் சென்சார்

பழைய வேன்களில் இன்னும் டியூப் உண்டு. அங்கே வால்வு ரிம்மோடு அல்ல, டியூபோடு ஒட்டியிருக்கிறது. துளைக்குள் சற்று ஆடும். வெளிச் சென்சாரின் இழுப்பு நேராக ஒட்டுப் போட்ட இடத்தில் விழும். காற்று குறைந்து டயர் ரிம்மில் நழுவினால் வால்வு சாய்ந்து அறுபடும். டியூப் வண்டிக்காரர்கள் அடுத்த டயர் மாற்றத்தில் டியூப்லெஸ் ரிம்முக்கு மாறிய பிறகு சென்சாரை நினைக்கலாம்.

ரிம்முக்கு உள்ளே உட்காரும் சென்சார் வேறு சாதி. சென்சார் டயருக்குள் இருக்கும், வால்வுத் தண்டே அதைப் பிடித்திருக்கும். எடை வெளியே தொங்குவதில்லை, திருட்டுப் பயம் இல்லை, ஊசியும் தன் காவலில் இருக்கும். புதிய டயர் போடும்போது செலவழிக்க முடிகிறவர்களுக்கு இதுவே மேல். ஆனால் இதற்கும் தண்டுத் தேர்வு உண்டு. ரப்பர் உறை போட்ட தண்டோடு வருவது ஒன்று, நட்டுப் போட்ட அலுமினியத் தண்டோடு வருவது ஒன்று. ரப்பர் உறை போட்டது பார்க்கச் சாதாரண வால்வு போலவே இருக்கும். அடியில் சென்சாரைத் திருகுவதற்கான உலோகம் இருப்பதுதான் வித்தியாசம். வெளித்தோற்றத்தைப் பார்த்து டி.ஆர். 413ஐ அதற்கு மாற்றாகப் போட முடியாது. காருக்கென்று செய்த பல சென்சார்கள் வேன் அழுத்தத்தை அளக்கவே மாட்டா. பெட்டியில் உச்ச அளவைப் படியுங்கள், உங்கள் டயரின் ஆறிய அழுத்தத்தைவிட அது தாராளமாகக் கூடுதலாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பேட்டரியைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். அதோடு, டயர் கழற்றுகிறவரிடம் "உள்ளே சென்சார் இருக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லுங்கள். கம்பியை வால்வுப் பக்கம் கொடுத்து நெம்பினால் ஒரே நெம்பலில் உடைந்துவிடும்.

ஸ்டெப்னியைப் பற்றி ஒரு வார்த்தை. 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் வாகனங்களில் டயர் அழுத்தச் சென்சாரும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020இல் விதியை மாற்றியது. அதை வைத்து ஸ்டெப்னி இடத்தில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பஞ்சர்ப் பசை டயரின் ஓட்டையை அடைக்கும். அறுந்த வால்வை அடைக்காது. இரவில் புளியரை மலைப்பாதையில் நிற்க நேர்ந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். ஸ்டெப்னியை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் உலோக வால்வே போடுங்கள்.

மாட்டும் நாளில்

வால்வு மாற்ற வேண்டுமென்றால் டயரின் ஒரு பக்க விளிம்பையாவது ரிம்மிலிருந்து இறக்க வேண்டும். அதனால் புதிய டயர் போடும் நாளே இதற்கு நல்ல நாள். கூலி தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. அதுவரை பொறுக்க முடியாதவர்கள் தனியாகச் செய்தாலும் ஒரு காலை நேர வேலைதான். சென்சார் ஏறியதும் அந்தப் பக்கம் எடை கூடும் என்பதால் சென்சாரை மாட்டிய நிலையிலேயே சக்கரத்தை பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றி வைத்துவிட்டு பேலன்ஸ் பார்த்தால் வேகம் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும்.

காற்று நிரப்பியதும் நட்டைச் சுற்றியும் சென்சாரின் அடியிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழ் வராவிட்டால் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, மறுநாள் காலை வெயில் ஏறும் முன் கருவியில் தெரியும் எண்ணைத் தாளில் எழுதுங்கள். அதே நேரத்தில் கை மானியாலும் ஒருமுறை அளந்து இரண்டும் எத்தனை விலகுகின்றன என்று பாருங்கள். ஒன்று இரண்டு விலகுவது இயல்பு. பிறகு திருச்செந்தூர் வரை ஒரு நடை போய்வாருங்கள். வந்து இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மறுபடியும் எழுதுங்கள். இரண்டு தாளிலும் எண்கள் ஒத்துப்போனால் வால்வு உட்கார்ந்துவிட்டது. ஒரு சக்கரத்தில் மட்டும் குறைந்திருந்தால் சென்சாரைக் கழற்றி, பழைய மூடியை மாட்டி, இன்னோர் இரவு விட்டுப் பாருங்கள். அப்போதும் குறைந்தால் குறை வால்வின் அடியிலோ டயரிலோ. குறையாவிட்டால் சென்சாரின் ரப்பர் வளையத்தில்.